விலாவிலிருந்து தாடைக்கு

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாய், தாடை அறுவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நடந்த கூட்டம். ஓய்வு பெற்ற நாலு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். போனேன். சமோசா நன்றாக இருந்தது.

மேடையில் ஒரு இளைஞர் படம் போட்டுக் காட்டினார். நோயாளியின் செல்லையே கொஞ்சம் எடுத்து, பரிசோதனைச் சாலையில் வளர்த்து, தேய்ந்துபோன தாடை மூட்டுக்குள் வைக்கப் போகிறார்களாம். உள்ளே போனதும் அது குருத்தெலும்பாக வளர்ந்துவிடுமாம். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண் என் பக்கம் சாய்ந்து, "சிஸ்டர், உங்க காலத்துல இதுக்கெல்லாம் இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

இந்த "உங்க காலத்துல" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், இதுவும் என் காலம்தான். ஆனாலும் பெண் நல்ல மாதிரியாகக் கேட்டதால், "விலா எலும்ப எடுத்து வச்சோம்மா. அதுவும் வளந்துச்சு" என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆற்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார் மகள். வேலூரில் நர்சிங் படித்தேன். வார்டில் நான் ஜாஸ்தி பேசுகிறேன் என்று மேட்ரனுக்குத் தோன்றியதால், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடமாகப் பார்த்து ஆபரேஷன் தியேட்டரில் போட்டார். வாயைத் திறக்க வைக்கிற பிரிவுக்கே பிறகு வந்து சேர்ந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒன்று உருளும். அதுதான் தாடை மூட்டு. பெரியவர்களுக்கு அதில் மூட்டுவாதம் வந்து தேயும், சொடுக்கும், வலிக்கும். எங்கள் பக்கம் குழந்தைகளுக்கு அது வேறு வழியில் வந்தது. காதில் சீழ் வடியும். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார்கள், பஞ்சை வைத்து அடைப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சீழ் உள்பக்கமாகப் போய் மூட்டைப் பிடிக்கும். மூட்டு வீங்கி அரித்து, ஆறும்போது இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு வாய் திறக்காது. தாடையும் வளராமல் நின்றுவிடும்.

எங்கள் பிரிவின் தலைமை டாக்டரை நாங்கள் சீஃப் என்போம். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் திட்டுவதே மற்றவர்கள் நலம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். "சிஸ்டர், இந்த கத்திக்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்டால், மழுங்கின கத்தியைக் கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. தாடை ஆபரேஷன் முடிந்த குழந்தைக்கு வாய்ப் பயிற்சியின் முதல் குச்சியை அவரே வந்து வைப்பார். ஜூனியர் டாக்டர் யாரையும் விடமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தை ஒப்புக்கொள்ளும்வரை உட்கார்ந்திருப்பார்.

குச்சி என்றால் ஐஸ் குச்சிதான். பல்லுக்கு நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நாளுக்கு நாள் ஒன்று கூட்ட வேண்டும். ஐஸ் கம்பெனியிலேயே கட்டுக்கட்டாக வாங்கி, கொதிக்க வைத்துக் கொடுப்போம். ஸ்டோர்காரர் ஒவ்வொரு முறையும் "இன்னா சிஸ்டர், ஆஸ்பத்திரில ஐஸ் யாவாரமா?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அவரே சிரித்துக்கொள்வார்.

இந்தப் பிரிவுக்கு ஆம்பூரிலிருந்து வந்தவள்தான் பவானி. பதினோரு வயது. அப்பா ஏழுமலை ஷூ கம்பெனியில் சோல் வெட்டும் செக்‌ஷனில் வேலை. அம்மா சாந்தி அதே கம்பெனியில் தையல் மிஷினில். சின்ன வயதில் காதில் சீழ் வந்து ஒரு பக்க மூட்டு ஒட்டிப்போயிருந்தது. வாய் திறக்கவே திறக்காது. விழுந்துபோன ஒரு பல்லின் சந்தில் கஞ்சியையும் பிசைந்த சோற்றையும் தள்ளி விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் பேச்சு! பல்லைக் கடித்தபடியே அத்தனை பேச்சும் பேசினாள். எனக்கு அவளைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

சீஃப் அவளுக்கு விலாக் குருத்தெலும்பு வைப்பதென்று முடிவு செய்தார். வளர்கிற குழந்தைக்கு வளர்கிற மூட்டு வேண்டும். இரும்பை வைத்தால் அது வளராது.

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்படிப்பட்ட கேஸில் கத்தி வைப்பதற்கு முன்னாலேயே பாதி ஆபத்து முடிந்துவிட வேண்டும். வாய் திறக்காதவளுக்கு மயக்கம் கொடுக்க மூச்சுக்குழாயில் ட்யூபை எப்படி இறக்குவது? எங்கள் மயக்க மருந்து டாக்டரம்மா மூக்கு வழியாக விடுவார், கண்ணால் எதையும் பார்க்காமல். குழந்தை அரைத் தூக்கத்தில் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ட்யூபின் வெளி நுனியில் காதை வைத்துக்கொண்டு, மூச்சு சத்தம் கேட்கிற பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். சத்தம் நின்றால் வழி தப்பு, பின்னால் இழுப்பார். சீஃப் கையுறையோடு கழுத்துப் பக்கத்தில் நிற்பார், தவறினால் கழுத்தில் துளை போட. நாங்கள் யாரும் செருப்பைக்கூட நகர்த்த மாட்டோம். பவானிக்கு மூன்றாவது தள்ளலில் ட்யூப் உள்ளே போனது. டாக்டரம்மா நிமிர்ந்து, "வேலைய ஆரம்பிங்க, எனக்கு காப்பி நேரம் தாண்டுது" என்றார்.

காதுக்கு முன்னால் கீறி, முகத்தை அசைக்கிற நரம்பை ஒதுக்கி, மூட்டுக்குப் போனால் மூட்டே இல்லை. ஒரே எலும்புக் கட்டி. அதைத் தேய்த்தும் செதுக்கியும் எடுத்து இடைவெளி உண்டாக்கினார் சீஃப். பிறகு வாயைத் திறந்து பார்த்தார். திறந்தது. நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு பட்டையை முழுதாக அறுத்தெடுக்காமல் மடித்து இறக்கி, மறுபடி ஒட்டாமல் இருக்க மேல் எலும்புக்கு மெத்தையாக வைத்தார்.

அடுத்தது விலா. நெஞ்சின் ஓரத்தில் கீறி, விலா எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைக் கிழியாமல் பிரித்து, அதை அங்கேயே விட்டுவிட்டு, உள்ளிருக்கும் எலும்பை நுனிக் குருத்தோடு உருவி எடுப்பார். உறை இருந்தால் எடுத்த இடத்தில் விலா மறுபடி வளர்ந்துவிடும். இதைக் கேட்டு நம்பாத அப்பா அம்மாக்களுக்குப் பழைய எக்ஸ்ரேக்களைக் காட்டியிருக்கிறேன். எடுத்த குழியில் உப்புத் தண்ணீரை ஊற்றுவோம். டாக்டரம்மா நுரையீரலுக்குக் காற்றை அழுத்துவார். குமிழி வந்தால் நுரையீரல் உறை கிழிந்துவிட்டது என்று பொருள். பவானிக்குக் குமிழி வரவில்லை.

எடுத்த துண்டு என் கையில் ஈரத் துணியில் இருக்கும். அதன்மேல் யாரும் தும்மக்கூடக் கூடாது. சீஃப் அதன் குருத்து நுனியைச் சீவிச் சீவி உருண்டையாக்குவார். அதிகம் விட்டால் அது வேண்டியதற்கு மேல் வளர்ந்து தாடையை மறுபக்கம் தள்ளிவிடும், குறைத்தால் கரைந்து போகும். இரண்டையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். எல்லாம் வெற்றி என்று சொன்னால் அது கூட்டத்தில் படம் போட்டுக் காட்டுகிறவர்கள் பேச்சு. துண்டைத் தாடை எலும்பில் திருகாணியால் பிடித்து, வாயைத் திறந்து மூடி, அது உருள்கிறதா என்று பார்த்த பிறகுதான் சீஃப் பேசுவார். அன்றைக்கு, "நம்ம வேலை முடிஞ்சது. இனிமே பவானி வேலை" என்றார்.

அது வெறும் பேச்சு இல்லை. ஒரு வருஷம் தினமும் வாயைத் திறந்து திறந்து பழக்காவிட்டால், வெட்டிய இடம் இறுகி மறுபடி ஒட்டிவிடும். வலிக்கும். குழந்தை அழும். அழுகையைக் கேட்டுக்கொண்டே குச்சியை வைக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். சாந்தி அந்த ஆள். ஏழுமலை இல்லை. வார்டில் குச்சி வைக்கும் நேரமானால் டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு நாளைக்கு எத்தனை டீ குடித்தாரோ, அந்த மனிதர் வயிறு புண்ணாகாதது ஆச்சரியம்.

வீட்டுக்குப் போய் முதல் மாதம் வந்தபோது எல்லாம் நன்றாக இருந்தது. அடுத்த மாதம் வரவில்லை. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று, கம்பெனியில் யாருக்கும் லீவு இல்லை. ஆனால் ஏழுமலை எஸ்டிடி பூத்திலிருந்து வார்டுக்கு போன் பண்ணினார்.

"சிஸ்டர், பதினேழு வைக்கிறா!"

"பதினேழா? சபாஷ்! அழுவறாளா?"

"இப்பல்லாம் அழுவறதே இல்ல சிஸ்டர்."

பதினேழு என்றால் பவானியின் மூன்று விரல் உள்ளே போகும் அளவு. அதுதான் எங்கள் இலக்கு. நான் சீஃபிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அழலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரு மாதம் கழித்து மூன்று பேரும் வந்தார்கள். பவானி வாயைத் திறந்தாள். சீஃப் ஸ்கேலை வைத்தார். இரண்டு விரல்கூட இல்லை.

"குச்சி வச்சிட்டு வர்றியாம்மா?"

"டெய்லி வக்கிறேன் டாக்டர்" என்றாள் பவானி. பொய் சொல்கிற முகமாக இல்லை.

"எப்படின்னு வச்சிக் காட்டு பாப்போம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஏழுமலை பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதில் குச்சி இல்லை. தோல் துண்டுகள். எல்லாம் ஒரே அளவு, மூலையெல்லாம் வளைத்து வெட்டி, ஈறில் உறுத்தாமல் இருக்க ஓரத்தை இழைத்து மெலிதாக்கி, ஒவ்வொன்றிலும் கயிறு கோக்க ஒரு ஓட்டை. நான் அவ்வளவு அழகான வேலையைப் பார்த்ததில்லை.

"மரக்குச்சி ஈறெல்லாம் கிழிச்சிடுச்சு சார்" என்றார். "சோல் லெதர்ல பண்ணேன். சாயம் கீயம் இல்லாத நல்ல தோலு. உங்க குச்சிய தடிமன் அளக்கற கேஜ்ல வச்சிப் பாத்து, கரெக்டா அதே தடிமன்ல வெட்னேன் சார். ஒரு நூல் ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல. ஆஸ்பத்திரி குச்சிய மாத்தினா திட்டுவீங்கன்னு சொல்லல."

சீஃப் அந்த அடுக்கை ஸ்கேலில் வைத்து அளந்தார். சரியாகத்தான் இருந்தது. பவானியிடம் கொடுத்தார். அவள் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் செருகிக் கடித்துக்கொண்டாள். வலித்ததாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவளைச் சும்மா உட்கார வைத்து, வேறு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "சிஸ்டர், அவ வாய்க்குள்ள இருக்கும்போதே அளந்து சொல்லுங்க" என்றார். நான் ஸ்கேலை வைத்தேன். எச்சிலில் ஊறி, கடியில் அமுங்கி, பல் பதிந்து, பதினேழு துண்டும் பதினேழின் உயரத்தில் இல்லை.

ஏழுமலை எட்டிப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈரத் தோல் அமுங்கும் என்பது அந்த செக்‌ஷனில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும்.

"ஈரத்துல அமுங்கும்னு எனக்குத் தெரியாதா சார்?" என்றார். "இருவது வருசமா அதே வேலை. காஞ்ச தோலத்தான் கேஜ்ல வப்போம். வாயி ஈரம்னு எனக்குத் தோணவே இல்ல சார்."

சாந்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நான் அப்பவே சொன்னேன். குச்சிதான் வக்கணும்னு சொன்னேன். பொண்ணு அழுவறது உனக்கு ஆவல. இப்ப இன்னொரு வாட்டி அறுக்கப் போறாங்க" என்றாள். எனக்கு இரண்டு பேர் மேலும் இரக்கமாக இருந்தது. பவானி மட்டும் தோல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து டப்பாவில் போட்டாள். "நைனாவ திட்டாத" என்றாள் பல்லுக்கிடையில்.

சீஃப் திட்டவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மறுபடி எலும்பு கட்டியிருந்தால் முழு ஆபரேஷன் இன்னொரு முறை, இன்னொரு விலா. அந்தப் படத்தை விளக்கில் மாட்டியபோது நான் மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். எலும்பு கட்டவில்லை. விலாத் துண்டும் தாடையில் நன்றாகப் பிடித்திருந்தது. இறுகியிருந்தது தழும்புச் சதைதான். "கொஞ்ச நாள் டைம் இருக்கு. வார்டுல சேத்துடலாம். குச்சி சிஸ்டர் வைப்பாங்க" என்றார். இந்த மாதிரி வேலைகளை எனக்குக் கொடுப்பதில் அவருக்கு ஒரு தாராளம் உண்டு.

அந்த நாட்களில் அவள் படுத்தியதுபோல எந்தக் குழந்தையும் என்னைப் படுத்தியதில்லை. குச்சியைக் கடித்து உடைப்பாள். நான் திரும்புவதற்குள் நடுவிலிருந்து ஒன்றை உருவித் தலையணைக்கடியில் ஒளிப்பாள். ஒரு நாள் என் விரலைக் கடித்துவிட்டாள், அது தவறிப்போய் நடந்தது என்று சத்தியம் பண்ணினாள். "உனக்குப் போய் விலா எலும்பு வச்சாங்க பாரு, நாய்க்குப் போட்டிருக்கலாம்" என்றேன். அவள் பல்லுக்கிடையிலேயே சிரித்தாள். ஈறு புண்ணாகி ரத்தம் வரும். அப்போதும் வைக்க வேண்டும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும், சத்தம் மட்டும் மூக்கு வழியாக முனகலாக வரும். குச்சியை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நானும் அழுதிருக்கிறேன்.

ஏழுமலை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வருவார். ஆனால் வார்டுக்குள் நுழைய மாட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சாந்தி வெளியே போய் அவரிடம் பேசாமல் டிபன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வருவாள். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டால், "வாணாம் சிஸ்டர். எங்கையாலதான் கெட்டுச்சு" என்பார்.

இரண்டு விரலில் வாய் நின்றுவிட்டது. எத்தனை முயன்றும் அடுத்த குச்சி ஏறவில்லை. சீஃப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மரப்பு ஊசி போட்டு நானே ஒரு தடவ பாக்கறேன். அதுலயும் வரலன்னா தியேட்டருக்கு எழுதிடலாம்" என்றார். சாந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். பவானிக்குத் தியேட்டர் என்ற வார்த்தை புரிந்தது. அன்று முழுவதும் ஒரு விளையாட்டும் காட்டவில்லை.

மறுநாள் ஏழுமலை லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே பெஞ்சில் இருந்தார். சீஃப் காதுக்கு முன்னால் ஊசி போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறக்கும் இரும்புக் கருவியைப் பல்லுக்கிடையில் வைத்து, திருகை ஒரு சுற்று சுற்றி நிறுத்துவார். ஆம்பூரில் மழை உண்டா, ஸ்கூலில் கணக்கு டீச்சர் யார் என்று கேட்பார். அவள் முனகுவாள். இன்னொரு சுற்று. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாந்தி காலைப் பிடித்திருந்தாள். மரப்பு ஊசியெல்லாம் ஓரளவுக்குத்தான். அவள் உடம்பு முழுக்க விறைத்தது. கருவிக்கு மேல் என்னைப் பார்த்த பார்வையில், போதும் என்று சொல்லிவிடலாம் என்று எனக்கு இருந்தது. சீஃப் இன்னொரு அரைச் சுற்று சுற்றினார்.

உள்ளே ஏதோ பிரிந்தது. என் கைக்குக் கீழே அது தெரிந்தது. சீஃப் சட்டென்று கருவியை உருவினார்.

பவானி கத்தினாள். முனகல் இல்லை. "நைனா!" என்று வாய் நிறையக் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்படியொரு குரல் அந்தப் பெண்ணுக்குள் இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவளைப் பெற்றவர்களே அதைக் கேட்டு வருஷக்கணக்காகியிருக்கும்.

ஏழுமலை ஓடி வந்தார். எதன் மீதோ இடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று, கட்டிலுக்கு வந்து மகளை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார். "வுடுங்க சார், போதும் வுடுங்க, நாங்க போய்ட்றோம்!" என்றார். சீஃப் ஒதுங்கி வழிவிட்டார். அப்போதுதான் ஏழுமலை அவள் முகத்தைப் பார்த்தார். அழுகிற பிள்ளையின் வாய் திறந்திருந்தது. நாக்கு தெரிந்தது, கடைவாய்ப் பல் தெரிந்தது, உள்நாக்கு தெரிந்தது.

அவர் தரையில் மண்டியிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அழுவு கண்ணு" என்றார். "நல்லா வாயத் தொறந்து அழுவு."

சாந்தி அவர் தோளில் கை வைத்தாள். பவானி இன்னும் சத்தமாக அழுதாள்.